செம்பிடரிக் குட்டி

டாக்டர் வைத்தியலிங்கம் ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தபோது மெய்யம்மை கிணற்றடியில் ஒரு பெரிய படுக்கை விரிப்பைப் பிழிந்துகொண்டிருந்தார். வைத்தியலிங்கம் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து விரிப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் ஆளுக்கொரு பக்கம் முறுக்கினார்கள். தண்ணீர் கொட்டியது.

"குட்டி பிறந்துவிட்டதாமே?" என்றார் மெய்யம்மை.

"பிறந்துவிட்டது அம்மா."

"எப்படி இருக்கிறது?"

வைத்தியலிங்கம் விரிப்பை இன்னொரு முறுக்கு முறுக்கினார்.

அவருக்கு அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. மெய்யம்மை அவரைவிடப் பதினைந்து வயதாவது இளையவர். தங்கை வயதுப் பெண்ணைக் குருவென்று கும்பிடுகிறாயே என்று ஆரம்பத்தில் நண்பர்கள் கேலி செய்ததுண்டு. தண்ணீருக்கு வயது கேட்டுக்கொண்டா குடிக்கிறோம் என்று சொல்லிவிட்டு அவர் வந்துகொண்டே இருந்தார். தலைநகரில் ஒரு பெரிய ஆய்வு மையத்துக்கு அவர் தலைவர். அங்கே அவர் சொன்னால் நூறு பேர் கேட்பார்கள். இங்கே வந்தால் அவர் கேட்பார்.

விரிப்பைக் கொடியில் போட்டுவிட்டு இருவரும் வேப்பமர நிழலில் உட்கார்ந்தார்கள். வைத்தியலிங்கம் நடந்ததையெல்லாம் சொன்னார்.

ஒரு காலத்தில் உயர்ந்த மலைச்சரிவுகளில் செம்பிடரி என்றொரு காட்டாடு இருந்தது. சாம்பல் உடம்பு. கழுத்தின் பின்புறத்தில் மட்டும் குங்குமத்தை அப்பிவைத்ததுபோல் சிவந்த மயிர். துப்பாக்கி பாதியைத் தின்றது, தேயிலை மீதியைத் தின்றது. கடைசியில் விலங்குக் காட்சிசாலையில் ஒரே ஒரு கிழட்டுப் பெட்டை மிஞ்சியது. வைத்தியலிங்கம் அப்போது படிப்பு முடித்த கையோடு அங்கே கால்நடை மருத்துவராகச் சேர்ந்திருந்தார். அவர் மடியில் தலை வைத்துத்தான் அது செத்தது. கொட்டிலில் நின்ற எல்லோரும் அழுதார்கள். அவருக்கு அழ நேரமில்லை. உடம்பில் சூடு ஆறுவதற்குள் அதன் காதிலிருந்து துளி தோலை வெட்டிப் பனிக்கட்டியில் வைத்தாக வேண்டியிருந்தது.

அதன் பிறகு அவர் வாழ்க்கை முழுவதும் அந்தத் துளித் தோலிலிருந்துதான் முளைத்தது. அதன் உயிரணுவிலிருந்து கரு உண்டாக்கி, வெள்ளாடுகளின் வயிற்றில் வைத்துப் பார்த்தார்கள். பல தங்கவில்லை. தங்கியவை கலைந்தன. சில குட்டிகள் செத்தே பிறந்தன. சுமந்த ஆடுகளிலும் சில பிழைக்கவில்லை. கடைசியில் ஒரு கறுப்பு வெள்ளாடு உயிரோடு ஒரு குட்டியை ஈன்றது. சாம்பல் உடம்பு, சிவந்த பிடரி. மையத்தின் வாசலில் வெடி வெடித்தார்கள். மரணத்தை வென்ற ஆடு என்று பத்திரிகைகள் எழுதின.

அன்றைக்கே குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துவிட்டார்கள். வெள்ளாட்டோடு வளர்ந்தால் அது வெள்ளாடாகிவிடும், நடையும் குரலும் அப்படியே வரும் என்பது மையத்தின் கருத்து. வைத்தியலிங்கமும் தலையாட்டினார். குட்டிக்குத் தனி அறை, மெத்தென்ற விரிப்பு, புட்டிப்பால். மனித முகம் பழகிவிடக் கூடாது என்று பார்த்துக்கொள்பவர்கள் சாம்பல் நிற முக்காடு போட்டுக்கொண்டு போனார்கள். கிழட்டுச் செம்பிடரியின் குரல் ஒரு பழைய ஒலிநாடாவில் இருந்தது. தன் இனத்தின் பேச்சு காதில் விழட்டும் என்று அதை அந்த அறையில் போட்டுக்கொண்டே இருந்தார்கள்.

இப்போது குட்டி தேய்ந்துகொண்டு வந்தது. இரண்டு வாய் குடிக்கும், விட்டுவிடும். மூலையைப் பார்த்துக்கொண்டு நிற்கும். எந்தச் சோதனையிலும் நோய் தெரியவில்லை.

மெய்யம்மை எல்லாவற்றையும் கேட்டு முடித்தார்.

"உங்கள் கேள்வி என்ன?" என்றார்.

"நாம்தான் அந்த இனத்தை அழித்தோம். அதை நாமே திருப்பிக் கொடுப்பது தர்மம்தானே அம்மா?"

"யாரிடம் திருப்பிக் கொடுத்தீர்கள்?"

"மலையிடம்."

"மலை வாங்கிக்கொண்டதா?"

வைத்தியலிங்கத்துக்கு அந்த மலை தெரியும். பாதிவரைக்கும் தேயிலை, அதற்குமேல் தங்கும் விடுதிகள். ஓர் ஆடு நான்கு குளம்பை ஊன்றி நிற்க இடமில்லை.

"இன்னும் இல்லை."

"செத்துப்போனவற்றிடம் கொடுத்தீர்களா?"

அவர் தரையைப் பார்த்தார்.

"குட்டியிடமா?"

அது எதையும் இழக்கவில்லையே என்று சொல்லத்தான் வாயெடுத்தார். அதன் தாயின் ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார்.

"நான் செய்தது சரியா, தவறா? அதையாவது சொல்லிவிடுங்கள்."

"அதை நிதானமாகப் பேசிக்கொள்ளலாம். நமக்கு நேரமிருக்கிறது, குட்டிக்கு இல்லை" என்று மெய்யம்மை எழுந்தார். "வாருங்கள், போய்ப் பார்ப்போம்."

வைத்தியலிங்கத்தின் காரில் புறப்பட்டார்கள். மலைப்பாதை முடிந்து சமவெளி வந்ததும் மெய்யம்மை ஒரு கதை சொன்னார்.

ஒரு மலைநாட்டுத் தலைவனுக்கு ஒரே மகள் இருந்தாள். அவள் காய்ச்சலில் இறந்துபோனாள். தலைவனுக்கு அதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. அந்தச் சமயத்தில் கடற்கரையிலிருந்து வந்த உப்பு வண்டிக் கூட்டம் ஒன்று ஊர் எல்லையில் தங்கியது. அதில் தாய்தகப்பன் இல்லாத ஒரு பெண். அவளைப் பார்த்தவர்கள் திகைத்துப்போனார்கள். அதே முகம், அதே கண். தலைவன் அவளை மாளிகைக்குக் கொண்டுவந்தான். மகளின் உடைகளை அவளுக்குப் போட்டுவிட்டான். மகளின் பெயரால் கூப்பிட்டான். மகள் எப்படிச் சிரிப்பாள், எப்படி உட்காருவாள், எந்தப் பாட்டைப் பாடுவாள் என்று சொல்லிக்கொடுக்க ஆள் வைத்தான். யாருக்கும் அவள்மேல் கோபமில்லை, எல்லோரும் அன்பாகத்தான் இருந்தார்கள். பெண் மட்டும் நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டே போனாள்.

ஒருநாள் தலைவனின் மனைவி அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். வகிடு நேராக விழவில்லை. எத்தனை முறை எடுத்தாலும் ஒருபக்கமாகவே போயிற்று. உச்சந்தலையைத் தடவிப் பார்த்தாள். மகளுக்குச் சுழி வலதுபுறம் இருந்தது, இவளுக்கு இடதுபுறம். அவள் சீப்பைக் கீழே வைத்தாள்.

"உன் பேர் என்னம்மா?" என்று கேட்டாள்.

பெண் சொன்னாள். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அதை யாரும் கேட்டிருக்கவில்லை.

அன்றைக்குத்தான் அந்தத் தாய் செத்துப்போன மகளுக்காக முதல்முதலாக அழுதாள். வாய்விட்டு, மாளிகை அதிர அழுதாள். சாயங்காலம் அந்த உப்பு வண்டிப் பெண் முற்றத்தில் ஓடி விளையாடியதை வேலைக்காரர்கள் பார்த்தார்கள்.

கதை அதோடு முடிந்தது. வைத்தியலிங்கம் சாலையைப் பார்த்தபடி வண்டி ஓட்டினார். இரண்டு ஊர்கள் கடந்து போயின.

"குட்டியின் பிடரிச் சிவப்பு இடதுபக்கம் சரிந்திருக்கிறது" என்றார் அப்புறம். "பழையதற்கு நட்டநடுவில் இருந்தது. உயிரணு ஒன்றுதான். ஆனாலும் வயிற்றுக்குள் நிறம் தன் போக்கில்தான் விழும். படம் எடுக்க வருகிறவர்களை வலதுபக்கம் மட்டும் எடுக்கச் சொல்லியிருக்கிறோம்."

மெய்யம்மை சிரித்துவிட்டார். கொஞ்சநேரம் கழித்து வைத்தியலிங்கத்துக்கும் சிரிப்பு வந்தது. பல வாரங்களாக அவர் சிரித்ததில்லை.

மையத்தில் அவருக்கு அடுத்த பொறுப்பில் இருந்த ஆதிமூலம் வாசலுக்கே வந்து காத்திருந்தார். காலையிலிருந்து குட்டி புட்டியைத் தொடவில்லை என்றார். மெய்யம்மையைப் பார்த்துக் கைகூப்பினாலும், இந்த நேரத்தில் விருந்தாளியா என்ற கேள்வி அவர் முகத்தில் இருந்தது.

அறையின் கண்ணாடிச் சுவருக்கு வெளியே மூவரும் நின்றார்கள். உள்ளே குட்டி மூலையைப் பார்த்து நின்றது. காதுகள் தொங்கிக் கிடந்தன. ஸ்பீக்கரிலிருந்து ஒரு நீண்ட குரல் வந்தது, நின்றது, மறுபடியும் வந்தது. ஒவ்வொரு தடவையும் குட்டியின் முதுகுத் தோல் சிலிர்த்து அடங்கியது.

"இது என்ன சொல்கிறது?" என்று மெய்யம்மை கேட்டார்.

"அர்த்தம் யாருக்கும் தெரியாது. செம்பிடரியின் குரல் என்று உலகத்தில் இருப்பது இது ஒன்றுதான்" என்றார் ஆதிமூலம்.

"அர்த்தம் தெரியாத பேச்சையா தாலாட்டாகப் போடுகிறீர்கள்?"

ஆதிமூலம் வைத்தியலிங்கத்தைப் பார்த்தார். வைத்தியலிங்கத்தின் முகம் மாறிக்கொண்டிருந்தது.

"எனக்குத் தெரியும்" என்றார் அவர்.

ஒலிநாடாவைப் பதிவு செய்தவரே அவர்தான். காட்சிசாலையில் தினமும் காலையில் அந்தக் கிழட்டு ஆடு வேலி ஓரத்துக்கு வரும். மலை இருக்கும் திசையைப் பார்த்து ஒருமுறை கத்தும். பிறகு இரண்டு காதையும் நிமிர்த்திக்கொண்டு நிற்கும். மறுபடியும் கத்தும். மறுபடியும் நிற்கும். வெயில் ஏறியதும் திரும்பிப் போய்ப் படுத்துக்கொள்ளும். அவர் வேலிக்கு வெளியே கருவியைப் பிடித்துக்கொண்டு, குரல் தெளிவாக விழுகிறதா என்று மட்டும் பார்த்தார்.

"அது பதிலுக்குக் காத்திருந்தது" என்றார் வைத்தியலிங்கம். "கடைசிவரைக்கும் பதில் வரவில்லை."

அங்கேயே கண்ணாடியில் கையை ஊன்றிக்கொண்டு அழுதார். மையத்தின் ஊழியர்கள் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நின்றார்கள். மெய்யம்மை அவரைத் தேற்றவில்லை. பக்கத்தில் வெறுமனே நின்றார்.

அழுது முடித்ததும் வைத்தியலிங்கம் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய் ஸ்பீக்கரை நிறுத்தினார்.

அறை அமைதியானது. குட்டி மூலையிலிருந்து தலையைத் திருப்பிப் பார்த்தது.

"தாய் எங்கே?" என்று கேட்டார் வைத்தியலிங்கம்.

கறுப்பு ஆடு பின்கட்டுக் கொட்டிலில் இருந்தது. மடி கட்டிக்கொள்ளாமல் இருக்கத் தினமும் கறந்து, அந்தப் பாலில் ஊழியர்களுக்குத் தேநீர் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதைப் பிடித்துவரச் சொன்னார். ஆதிமூலம் தடுத்துப் பார்த்தார்.

"நான் கல்நெஞ்சக்காரன் இல்லை சார். ஆனால் இதன் பாலைக் குடித்து, இதன் பின்னாலேயே சுற்றி, இதன் குரலைக் கற்றுக்கொண்டால், நாம் இவ்வளவு பாடுபட்டது ஒரு வெள்ளாட்டுக் குட்டிக்காகவா?"

"செம்பிடரியாகச் சாவதைவிட வெள்ளாடாக இருந்துவிட்டுப் போகட்டும் ஆதிமூலம்."

ஆட்டை உள்ளே விட்டார்கள். குட்டி தள்ளாடிக்கொண்டு அதனிடம் போனது. ஆடு ஒருமுறை மோந்து பார்த்தது. தலையைத் தாழ்த்தி ஒரே முட்டாக முட்டியது. குட்டி சுவரோரம் போய் விழுந்தது.

நாள்கணக்கில் பிரித்துவைத்த பிறகு தாயும் மறந்துபோகும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். வைத்தியலிங்கம் உள்ளே போய்க் குட்டியைத் தூக்கினார். அதன் உடம்பில் மருந்துச் சோப்பின் வாடைதான் இருந்தது. ஆட்டின் வாசனை துளிகூட இல்லை. உள்ளே வரும்போது மாட்டியிருந்த கையுறையைக் கழற்றிப் போட்டார். வெந்நீர் கேட்டு வாங்கிக் குட்டியைக் கழுவித் துவட்டினார். ஆட்டின் மடியில் கொஞ்சம் பால் கறந்து, அதைக் குட்டியின் முதுகிலும் வாலடியிலும் பூசினார். பிறகு சட்டையெல்லாம் பால் வழிய, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, குட்டியை மடியில் வைத்து ஆட்டின் மூக்கருகே நீட்டினார்.

ஆடு பின்வாங்கியது. அவர் அசையவில்லை. ஆடு மறுபடியும் வந்து மோந்தது. போனது. அப்படியே பலமுறை வந்தது, போனது. வெளியே வெயில் சாயத் தொடங்கியிருந்தது. ஆதிமூலம்கூட எங்கும் போகாமல் கண்ணாடியருகே நின்றுகொண்டிருந்தார்.

கடைசியில் ஆடு குட்டியின் வாலடியை வெகுநேரம் மோந்தது. தொண்டைக்குள் மெல்லக் கனைத்தது. நாக்கை நீட்டி ஒருமுறை நக்கியது. அப்புறம் நிறுத்தவே இல்லை.

வைத்தியலிங்கம் குட்டியைத் தரையில் விட்டார். அது கால்களுக்கிடையில் முட்டி மோதித் தேடிக் காம்பைப் பிடித்தது. பிடித்ததும் அதன் குட்டை வால் படபடவென்று ஆடத் தொடங்கியது. வெளியே யாரோ பெருமூச்சு விட்டார்கள். யாரோ சிரித்தார்கள். ஆதிமூலம் கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்துக்கொண்டே, "குடிக்கிறது சார், குடிக்கிறது" என்றார், அது வைத்தியலிங்கத்துக்குத் தெரியாதது போல.

வெகுநேரம் கழித்து அவரே மெதுவாகக் கேட்டார், அடுத்த வாரம் வயிற்றில் வைப்பதற்காகத் தயார் செய்த கருக்களை என்ன செய்வதென்று.

"ஃப்ரீசரிலேயே இருக்கட்டும்."

"எதுவரைக்கும் சார்?"

"ஆடு கூட்டமாக நிற்க ஒரு சரிவு கிடைக்கும்வரைக்கும். பிறக்கிற குட்டி பிழைக்கும், சுமக்கிற ஆடும் பிழைக்கும் என்று நமக்கு நம்பிக்கை வரும்வரைக்கும். வராவிட்டால் அங்கேயே இருந்துவிட்டுப் போகட்டும்."

ஆதிமூலம் மறுத்துப் பேசுவார் என்று வைத்தியலிங்கம் எதிர்பார்த்தார். ஆதிமூலம் தலையை மட்டும் அசைத்தார். கருவைச் சுமப்பதற்காக ஊசிபோட்டு அடைத்துவைத்திருந்த ஆடுகளைத் திறந்துவிடச் சொல்லவா என்று கேட்டார். சொல்லுங்கள் என்றார் வைத்தியலிங்கம். சற்றைக்கெல்லாம் அவை மைதானத்தில் இறங்கி, மதிலோரத்துப் பூவரசில் முன்னங்கால்களைத் தூக்கிவைத்து இலை பறித்துக்கொண்டிருந்தன.

புறப்படுவதற்கு முன்னால் மெய்யம்மை, சுமந்து செத்த ஆடுகளை எங்கே புதைத்தீர்கள் என்று கேட்டார். வைத்தியலிங்கத்துக்குத் தெரிந்திருக்கவில்லை. ஊழியர் ஒருவர் மதிலுக்கு அப்பால் இருந்த மேட்டைக் காட்டினார். இருவரும் அங்கே போய் நின்றார்கள். புல் முளைத்திருந்தது. மெய்யம்மை கைகூப்பினார். வைத்தியலிங்கம் குனிந்து மண்ணைத் தொட்டார்.

திரும்பி நடக்கும்போது அவர் கேட்டார்.

"நான் கூப்பிட்ட பழைய செம்பிடரி திரும்பி வரவில்லை, இல்லையா அம்மா?"

"வரவில்லை."

இத்தனை வருஷமும் அவர் பயந்துகொண்டிருந்த சொல் அது. அதைக் கேட்டால் தாங்க முடியாது என்று நினைத்திருந்தார். கேட்ட பிறகு, தலைச்சுமையை யாரோ கைகொடுத்து இறக்கிவிட்டதுபோல் கழுத்து லேசாக இருந்தது.

"அப்படியானால் உள்ளே இருப்பது?"

"அது இப்போதுதான் வந்திருக்கிறது."

கொட்டிலிலிருந்து குட்டியின் குரல் கேட்டது. கறுப்பு ஆடு உடனே பதில் கொடுத்தது. வைத்தியலிங்கம் நின்று கேட்டார். குட்டியின் குரலில் வெள்ளாடு பாதி இருந்தது. மீதி என்னவென்று அவருக்குத் தெரியவில்லை.

"பெரிய தவறு செய்துவிட்டேனா அம்மா?"

மெய்யம்மை காரின் கதவில் கைவைத்தபடி அவரைப் பார்த்தார்.

"போனவர்களுக்கு இலை போட்டுப் படையல் வைக்கிறோம். வந்தவர்களுக்குச் சோறு போடுகிறோம். உங்களுக்கு இலை மாறிவிட்டது டாக்டர், அவ்வளவுதான்."